இரண்டு கடிகாரம் கட்டிய அக்கா

முதல் வகுப்பிலேயே பேராசிரியர் காபிக் குவளையைத் தூக்கிக் காட்டிவிட்டார். ஆனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கடைசி நாள் நீங்க ஆராய்ச்சி பண்ற கம்பெனியோட முதலாளி இங்க வந்து உக்காருவாங்க. உங்க குழு சார்பா யார் பேசறதுன்னு நீங்க முடிவு பண்ணக் கூடாது. நானும் முடிவு பண்ண மாட்டேன். இந்தக் குவளையில பேரைப் போட்டுக் குலுக்குவேன். யார் பேர் வருதோ அவங்க மட்டும் பேசணும். மத்தவங்க ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தாலும் மொத்தக் குழுவும் ஃபெயில். மார்க்கும் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அரைவட்டமாகப் படிப்படியாக இறங்கும் வகுப்பறை அது. ஆளுக்கு முன்னால் பெயர் எழுதிய அட்டை, சுழலும் நாற்காலி. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவள், பேராசிரியர் சொன்னதை அப்படியே எழுதி, அடிக்கோடு போட்டு, பக்கத்தைத் திருப்பியதும் மறந்துபோனாள். பக்கத்து நாற்காலியில் அத்தான் தன் நாற்காலியை இடமும் வலமும் சுழற்றிப் பார்த்து, "இந்த மாதிரி நாற்காலி நம்ம காலேஜ்ல இருந்திருந்தா நான் ஒரு நாள்கூட லீவு போட்டிருக்க மாட்டேன்" என்றான்.

இருவரும் ஒரே கல்லூரி. வெளிநாட்டுக் கல்லூரியோடு மாணவர்களைப் பரிமாறிக்கொள்ளும் திட்டத்தில் அந்த வருடம் ஒரு பருவத்துக்கு இரண்டு பேரைத்தான் அனுப்பினார்கள். மதிப்பெண்ணால் அவள் வந்தாள். நேர்காணலில் தேர்வுக்குழு மொத்தத்தையும் சிரிக்கவைத்து அவன் வந்தான் என்பது அவள் கட்சி. அவன் அவளுடைய அத்தை மகன். நாலு மாதம் மூத்தவன் என்ற ஒரே காரணத்துக்காகப் பேச்சு வந்த நாளிலிருந்து அவனை அத்தான் என்று கூப்பிட வைத்திருந்தார்கள். மரியாதை அந்தச் சொல்லோடு சரி; மற்றபடி 'நீ', 'வா', 'போ'தான். ஒரு காலத்தில் இரண்டு வீட்டிலும் கல்யாணப் பேச்சை எடுத்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் அலறிய அலறலில் அந்தப் பேச்சு அன்றோடு அடங்கியது.

இங்கே விடுதியில் அவள் கூப்பிடுவதைக் கேட்டு எல்லோரும் அவனை அத்தான் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். பொருள் தெரியாமலே மூன்றாவது மாடி முழுக்க, தாடி வைத்த ஆண்கள் உட்பட, அவனுக்கு முறைப்பெண்களாகிவிட்டார்கள். அவன் யாரையும் திருத்தவில்லை.

குழுவில் மூன்றாவது ஆள் அந்த ஊர்க்காரர். நாற்பதை நெருங்கும் பெண்மணி. பல வருடம் மாடுகளுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, கால்நடை மருத்துவமனை ஒன்றை ஒழுங்காக நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று படிக்க வந்தவர். அத்தான் அவருக்கு மாட்டு டாக்டர் என்று பெயர் வைத்தான். அவரும் தன் பங்குக்கு அவளை மேனேஜர் என்று கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவர் பேசும் தோரணைக்குத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்: "மேனேஜர், வேலையைப் பிரி. மாடு கன்னு போடற வரைக்கும் காத்துக்கிட்டிருக்க முடியாது."

அவர்களுக்குக் கிடைத்தது ஒரு சலவைக்கூடம். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளையும் போர்வைகளையும் வெளுத்து, இஸ்திரி போட்டு, மடித்துத் திருப்பி அனுப்பும் இடம். அதன் முதலாளியம்மா கல்லூரிக்கு எழுதி அனுப்பிய கேள்வி ஒரே வரி: 'காலை வேலைக்கு எங்கள் மெஷின்கள் போதவில்லை, எந்தப் புது மெஷின் வாங்கலாம்?'

விடுதியின் பொதுச் சமையலறையில் உட்கார்ந்து அவள் வேலையைப் பிரித்தாள். அவளுக்குத் தெரிந்த முறை அது. ஊரில் எத்தனையோ குழு வேலைகளை அப்படித்தான் முடித்திருக்கிறாள்: ஆளுக்கு ஒரு துண்டு, கடைசியில் யாராவது ஒருத்தி உட்கார்ந்து ஒட்டித் தருவாள். அந்த ஒருத்தி எப்போதும் அவள்தான்.

"மெஷின் விலை, கரண்டு, தண்ணி, கணக்கு எல்லாம் நான். வேற சலவைக்கூடங்கள் எப்படி நடக்குதுன்னு டாக்டர். அத்தான்…" என்று நிறுத்தி, அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். "நீ சலவைக்கூடத்துக்குப் போ. அங்க இருக்கறவங்களோட பேசு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எக்செல் பக்கம் தலை வச்சுப் படுக்காதே."

தண்டனை என்று நினைத்துத்தான் கொடுத்தாள். லாட்டரி அடித்த மாதிரி அவன் முகம் மலர்ந்தது.

அடுத்த வாரங்களில் அவள் நூலகத்தின் ஜன்னலோர மேஜையை விட்டு அசையவில்லை. மூன்று கம்பெனிகளின் மெஷின்களை எடுத்துக்கொண்டு, தண்ணீர் எவ்வளவு குடிக்கும், பழுதானால் யார் வருவார்கள், எத்தனை வருடம் உழைக்கும் என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தாள். முப்பது ஸ்லைடு. ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும்.

அத்தான் பஸ் பிடித்துச் சலவைக்கூடத்துக்குப் போவான். சோப்பும் நீராவியுமாக மணந்துகொண்டு சாயங்காலம் சமையலறைக்குள் நுழைவான். நுழையும்போதே கதை ஆரம்பித்துவிடும்.

"இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா? அந்த பஸ் டிரைவர் இருக்கார்ல—"

"அத்தான், கதை வேணாம். பாயிண்ட் சொல்லு."

"சரி, பாயிண்ட். மடிக்கிற மேஜையில ஒரு அக்கா இருக்காங்க. கையில ரெண்டு கடிகாரம் கட்டியிருக்காங்க. ஒரே கையில, ரெண்டு. நான் கேட்டேன், ஏங்க்கா—"

"இதுவா பாயிண்ட்? இத நான் எந்த ஸ்லைடுல போடறது?"

"கடிகாரம்னு ஒரு ஸ்லைடு போடேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு லேப்டாப்பைத் திருப்பிக்கொள்வாள். அவன் அப்படியே நாற்காலியை டாக்டர் பக்கம் திருப்பி விட்ட இடத்தில் தொடர்வான். டாக்டரின் சிரிப்பு மாடிப்படி வரைக்கும் கேட்கும்.

குவளை மறுபடி நினைவுக்கு வந்தது, பருவம் முடிய ஒரு மாதம்கூட இல்லாதபோது. வகுப்பில் வேறொரு பாடத்துக்குப் பேராசிரியர் குலுக்கிக் காட்டினார். வந்த பெயருக்கு உரியவன் எழுந்து, தன் குழுவின் வேலையில் தான் செய்யாத பகுதியைப் பற்றிக் கேட்டதும் கல்லாய் நின்றான். அவள் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். அத்தான் பெயர் வந்தால்?

இந்தப் பாடம் சாதாரணமானதல்ல. இங்கே வாங்கும் மதிப்பெண்ணில் பாதி இதற்குத்தான். இதில் போனால் இந்தப் பருவம் முழுவதும் போன மாதிரி என்று ஊர்க் கல்லூரி வரும்போதே சொல்லி அனுப்பியிருந்தது. பட்டம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். இரண்டு பேருக்கும் கையில் வேலை உத்தரவு இருந்தது. பட்டம் இல்லையென்றால் அது வெறும் காகிதம்.

அன்றைக்கென்று அத்தை போன் செய்தாள்.

"என்ன கண்ணு, உங்க அத்தான் சாப்பிடறானா?"

"அவன் மட்டும்தான் அத்தை சாப்பிடறான். மத்த எல்லாரும் படிக்கிறோம்."

"ஏன்டி இப்படிச் சொல்றே? நீ கூட இருக்கேங்கற தைரியத்துலதானே அனுப்பினேன்? அவனுக்குப் பேசத்தான் தெரியும், பாவம். பாஸ் பண்ண வச்சுக் கூட்டிட்டு வந்துடு."

அவள் போனை வைத்துவிட்டு நேராக அவனைப் பிடித்து உட்கார வைத்தாள். முப்பது ஸ்லைடையும் மனப்பாடம் செய்யச் சொன்னாள். பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல அவனும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான்.

"முதல் மெஷின், ஒரு தடவைக்கு… நூத்தி… அந்தப் பச்சைக் கலர் மெஷின்தானே?"

"கலர் முக்கியமில்ல!"

"அங்க வேலை பாக்கறவங்களுக்கு அதுதான் முக்கியம். பச்சைன்னா பழசுன்னு அர்த்தம்."

மூன்று நாள் முயன்றும் எட்டாவது ஸ்லைடைத் தாண்டவில்லை. அவள் வெட்கத்தை விட்டுப் பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டினாள். எங்கள் குழுவில் ஒருவருக்கு மேடைப் பயம், அவரை மட்டும் குலுக்கலில் விட்டுவிட முடியுமா என்று கேட்டாள். அத்தானுக்கு மேடைப் பயம் என்று சொன்னபோது அவளுக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. "கம்பெனியில நீ லீவு போட்ட அன்னிக்குத்தான் முதலாளி வந்து கேள்வி கேப்பார். அன்னிக்கு உன் இடத்துல யார் நிப்பாங்க? இந்தக் குவளை அதுக்குத்தான். அவருக்குப் பயம்னா, பயத்தைப் போக்க உனக்கு இன்னும் நாள் இருக்கு."

வெளியே தாழ்வாரத்தில் காத்திருந்த டாக்டர் அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"நடக்காதுன்னு எனக்குத் தெரியும். இந்தக் காலேஜ்ல நாங்க வேற ஒண்ணு பண்ணுவோம். என் துண்டை நீ சொல்லணும், உன் துண்டை அவன் சொல்லணும், அவன் துண்டை நான் சொல்லணும். அப்புறம் மறுபடி மாத்தி. மூணு பேரும் மூணையும் சொல்ற வரைக்கும் விடக் கூடாது. வா, இன்னிக்கே ஆரம்பிப்போம்."

"நேரம் வீண், டாக்டர். அவன்தான் திணறுவான், எனக்கு எல்லாம் தெரியும்."

"அப்படின்னா நீயே முதல்ல."

சமையலறையில் மூன்று நாற்காலிகளை வளைத்துப் போட்டார்கள். டாக்டரின் துண்டை அவள் மடமடவென்று சொல்லி முடித்தாள். "இப்போ அத்தான் துண்டு" என்றார் டாக்டர்.

அவள் வாயைத் திறந்தாள். "சலவைக்கூடத்துல… மொத்தம்… காலையில துணி நிறைய வருது."

"ஏன் காலையில?"

"ஏன்னா… ஆஸ்பத்திரிலேர்ந்து வருது."

"ஆஸ்பத்திரியில மத்தியானம் யாரும் படுக்கறதில்லையா?"

அவள் அத்தானைப் பார்த்தாள். அவன் உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டான். குவளை விதிப்படி அவன் பேசக் கூடாது. அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், துணி எந்த வாசலில் வந்து எந்த வாசலில் போகிறது, எதுவும். வாரக்கணக்கில் அவன் தினமும் சொல்ல வந்ததை வாசலிலேயே தடுத்து அனுப்பியவள் அவள். நன்றாகப் படிக்கும் பிள்ளை என்று பெயரெடுத்த நாளிலிருந்து, தெரியாது என்று ஒருவர் முன்னால் நின்றது இதுதான் முதல் முறை. காது சூடாகிவிட்டது.

அவன் கேலி செய்வான் என்று எதிர்பார்த்தாள். அவன், "நாளைக்கு என்னோட வர்றியா? பஸ்ஸுல ஜன்னல் சீட்டு உனக்கு" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் அவர்கள் போய்ச் சேர நண்பகல் தாண்டிவிட்டது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. உள்ளே போனதும் முகத்தில் ஈரச் சூடு அடித்தது. அத்தானைப் பார்த்ததும் இஸ்திரி உருளையின் முன் நின்ற ஆள் கையைத் தூக்கினார். சுமை வண்டியைத் தள்ளிக்கொண்டு போன பெண், "இன்னிக்கு லேட்டு!" என்று திட்டினாள். எல்லோருக்கும் அவனைத் தெரிந்திருந்தது. ஒருவரை விசாரிக்கும்போது அவன் முதுகைக் கொஞ்சம் வளைத்து, அவர் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோய் நின்றான். அவர் சொல்லி முடிக்கும்வரை அவனுடைய வாய் மூடியிருந்தது. அவன் வாய் மூடியிருந்து அவள் பார்த்ததில்லை. அவனுக்குப் பேசத்தான் தெரியும் என்று குடும்பமே நம்பிக்கொண்டிருக்க, அவனுக்குக் கேட்கத் தெரியும் என்பது ஒரு சலவைக்கூடத்துக்கு மட்டும் தெரிந்திருந்தது.

மெஷின்கள் இருந்த பக்கம் போனாள். கதவு திறந்து, வயிறு காலியாக, வரிசையாகச் சும்மா நின்றுகொண்டிருந்தன.

"ஏன் ஓடல? ரிப்பேரா?"

"இல்ல. துணி இல்ல. காலையில வந்தியானா நிக்க இடம் இருக்காது. மூட்டை கூரை வரைக்கும் இருக்கும். மத்தியானத்துக்கு மேல இப்படித்தான், ஈ ஓட்டிட்டு நிக்கும்."

"அப்போ காலையில மட்டும் ஏன் வருது?"

"நானும் அதையேதான் கேட்டேன். யாருக்கும் தெரியல. ஒரு நாள் வேன்லயே ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க துணி அறையில ஒரு அண்ணன் இருக்கார். அவர்தான் சொன்னார். ஆரம்பத்துல இவங்ககிட்ட ஒரே வேன்தான் இருந்துதாம். அது விடியக்காலையில கிளம்பி எல்லா ஆஸ்பத்திரியையும் ஒரே சுத்தா சுத்திட்டு வரும். இப்போ மூணு வேன் இருக்கு. மூணும் அதே விடியக்காலையிலதான் கிளம்புது. மத்தியானம் வந்தா துணி குடுப்பீங்களான்னு அவரைக் கேட்டேன். தாராளமா, இது வரைக்கும் யாரும் கேக்கலையேன்னார்."

அவள் பக்கத்திலிருந்த காலி வண்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். எந்த மெஷின் வாங்கலாம் என்று முதலாளியம்மா கேட்டார். அவளும் எந்த மெஷின் என்று முதுகொடிய உழைத்தாள். மெஷின் வேண்டுமா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஒரு வேனை மட்டும் மத்தியானத்துக்கு மாற்றினால் போதும், புது மெஷினே தேவையில்லை.

"இத ஏன் நீ என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. அன்னிக்கு வேன்ல போனேன்னு ஆரம்பிச்சேன். கதை வேணாம்னே."

மடிக்கும் மேஜையருகே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. "எங்க உன் ரெண்டு கடிகாரக்காரி?" என்று கேட்டாள்.

"போயிட்டாங்க. தினமும் இந்த நேரத்துக்குப் போயிடுவாங்க. அதைத்தான் அன்னிக்கு—"

"அப்புறம் சொல்லு. முதல்ல எந்த நேரம் எவ்வளவு துணின்னு எனக்குக் கணக்கு வேணும்." அவள் ஏற்கெனவே எழுந்து அலுவலக அறையை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் ஸ்லைடுகளை அழித்தாள். ஒவ்வொன்றையும் ஒரு முறை பார்த்துவிட்டு அழித்தாள். டாக்டர் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். ஆறே ஆறு மிஞ்சின. அவற்றை மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அத்தானுக்கு எண்கள் மட்டும் கையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தன.

கடைசி நாள் வகுப்பறையின் முன்வரிசையில் முதலாளியம்மா வந்து உட்கார்ந்தார். கனத்த உடம்பு, நரைத்த குட்டை முடி, மடியில் கைப்பை. பேராசிரியர் குவளையைக் குலுக்கி, ஒரு சீட்டை எடுத்து, பிரித்துப் படித்தார்.

அத்தான்.

அவன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். போகிற போக்கில் அவளிடம் குனிந்து, "அம்மாகிட்ட நான் சாப்பிட்டேன்னு சொல்லிடு" என்று முணுமுணுத்துவிட்டுப் போனான். அவளுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அவன் மேடைக்குப் போகவில்லை. முதலாளியம்மாவுக்கு நேரே வந்து, சலவைக்கூடத்தில் நிற்பானே அதே மாதிரி, முதுகைக் கொஞ்சம் வளைத்து நின்றான்.

"அம்மா, எந்த மெஷின் வாங்கலாம்னு கேட்டீங்க. நாங்க மூணு மெஷினைப் பாத்தோம். மூணும் நல்ல மெஷின். ஒண்ணுகூட உங்களுக்கு வேண்டாம்."

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. வேன் கதையை அவன் சொன்னான். கதைதான், அவள் வெட்டியெறிந்திருக்கக்கூடிய எல்லாமும் அதில் இருந்தது. விடியற்காலை மூட்டைகளுக்கு நடுவில் தான் சிக்கிக்கொண்டது, துணி அறை அண்ணனின் இருமல், எல்லாம். ஆனால் முதலாளியம்மா முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எண் வர வேண்டிய இடங்களில் எண்ணும் வந்தது; இரண்டு இடத்தில் தடவித் தடவி வந்தது.

பேராசிரியர் குறுக்கிட்டார். "ஒருவேளை நடு விலை மெஷினை வாங்கியிருந்தா, போட்ட பணம் எத்தனை வருஷத்துல திரும்பி வரும்?"

அவளுக்கு அது தூக்கத்தில்கூடத் தெரியும். தொண்டை வரை வந்துவிட்டது. டாக்டரின் கை அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்தது.

அத்தான் கூரையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "மறந்துட்டேன், மேடம். அதோ, வாயைப் பூட்டிட்டு உக்காந்திருக்காங்களே, எங்க மேனேஜர், அவங்களுக்குத் தெரியும். நான் குத்துமதிப்பா ஒண்ணைச் சொன்னா அவங்களுக்கு நெஞ்சு வலி வந்துடும். அதனால தெரியலைன்னே சொல்லிடறேன்."

சிரிப்பு எழுந்தது. பேராசிரியர் சிரிக்காமல் எதையோ எழுதிக்கொண்டார். போச்சு, என்று அவள் நினைத்தாள்.

அப்போது முதலாளியம்மா கைப்பையை நகர்த்தி வைத்தார். "வேனை மாத்தறது சரி தம்பி, அது பெரிய விஷயமில்ல. ஆளுங்க? மத்தியானம் துணி வந்தா மத்தியானம் ஆள் வேணும். காலையில வர்றவங்களை மத்தியானம் வரச் சொன்னா பாதிப் பேர் வேலையை விட்டுப் போயிடுவாங்க. அத யோசிச்சீங்களா?"

அவள் மனதுக்குள் ஸ்லைடுகளைப் புரட்டினாள். ஆறு ஸ்லைடிலும் இதற்குப் பதில் இல்லை. மெஷின், வேன், நேரம், எடை எல்லாம் பார்த்தவள், மெஷினுக்கு முன்னால் ஆள் நிற்பார் என்பதை எங்கேயும் போடவில்லை. ஒத்திகையில் ஒருவரும் கேட்கவும் இல்லை. இப்போது வாயைத் திறக்கலாம் என்று விதி இருந்திருந்தாலும் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை.

அத்தான் சிரித்தான். விருந்தாளி கேட்காமல் போய்விடுவாரோ என்று காத்திருந்த விஷயத்தைக் கடைசியில் விருந்தாளியே கேட்டுவிட்ட சந்தோஷம் அந்தச் சிரிப்பில் இருந்தது.

"மடிக்கிற மேஜையில ஒரு அக்கா இருக்காங்க. கையில ரெண்டு கடிகாரம் கட்டியிருப்பாங்க."

"தெரியும். தினமும் பாக்கறேன். ஏதோ ஃபேஷன்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தாம்மா கேட்டேன். உங்க கொட்டகைச் சுவர்க் கடிகாரம் கொஞ்சம் முன்னாடி காட்டும்ல?"

"வேன் லேட்டாகக் கூடாதுன்னு என் வீட்டுக்காரர் வச்சது. அவர் போன அப்புறமும் நான் மாத்தல."

"அந்த அக்கா ஒரு கடிகாரத்தை உங்க சுவருக்குச் சரியா வச்சிருக்காங்க. இன்னொண்ணு அவங்க பையனோட பள்ளிக்கூட மணிக்கு. வேலைக்கு லேட்டானா உங்க கோபம், பள்ளிக்கூட வாசலுக்கு லேட்டானா அவன் அழுகை. ரெண்டு பேருக்கும் பயந்து ரெண்டு கடிகாரம். அவங்களை மத்தியானம் வரச் சொன்னா நின்னுடுவாங்கதான். அதனால ஒவ்வொருத்தரா எல்லாரையும் கேட்டுட்டேன்."

"எல்லாரையுமா?"

"எனக்கு வேற வேலை குடுக்கலைம்மா. எக்செல் பக்கம் போகக் கூடாதுன்னு உத்தரவு." வகுப்பு மறுபடி சிரித்தது. அவன் விரலை மடக்கினான். "உருளை அண்ணன், காலையில அவங்கம்மாவைக் குளிப்பாட்டி விட்டுட்டு ஓடி வர்றார், மத்தியானம்னா கும்பிடுவேன்னார். வண்டி தள்ற ரெண்டு பொண்ணுங்க காலையில படிக்கணும்கிறாங்க. புதுசா வந்தவருக்கு விடியற நேரத்துல பஸ்ஸே கிடையாது, தினமும் நடந்து வர்றார். மத்தியானத்துக்கு ஆசைப்படறவங்களே ஒரு வேன் துணிக்குப் போதும். பிள்ளை வச்சிருக்கறவங்களைத் தொடவே வேண்டாம்."

முதலாளியம்மா தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். அங்கே கடிகாரம் எதுவும் இல்லை. பிறகு, "அந்தப் பொண்ணு என்கிட்ட பத்து வருஷமா வேலை பாக்கறா" என்றார். யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை.

அவள் தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்திருந்தாள். எப்போது எடுத்தாள் என்று தெரியாது. பிறந்ததிலிருந்து கூடவே வளர்ந்தவன் ஒரு கதையை முதலிலிருந்து கடைசி வரை சொல்லி அவள் கேட்டது அன்றுதான். விதி வாயைக் கட்டிப்போட்டிருக்காவிட்டால் இதையும் பாதியில் வெட்டியிருப்பாள். இத்தனை நாளும் எத்தனை கதைக்கு இப்படி முடிவு இருந்திருக்கும் என்று நினைத்தபோது, அவனை நினைத்துப் பெருமையாகவும் தன்னை நினைத்து ஒரு மாதிரியாகவும் இருந்தது.

"உங்களுக்கு இது தெரியுமா டாக்டர்?" என்று பிறகு தாழ்வாரத்தில் கேட்டாள்.

"கடிகாரமா? ரெண்டாவது வாரமே தெரியும். உனக்குத் தெரியாதா? நீதானே மேனேஜர்!"

முதலிடம் வேறொரு குழுவுக்குப் போனது. பணம் திரும்பும் கேள்விக்குப் பேராசிரியர் தயவு தாட்சண்யம் இல்லாமல் மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார். ஆனாலும் தேறிவிட்டார்கள், நல்லபடியாகவே. முதலாளியம்மா போகும்போது, முதலில் ஓர் ஆஸ்பத்திரியை மட்டும் மத்தியானத்துக்கு மாற்றிப் பார்க்கிறேன் என்று அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மறுபடி எப்போது வருவாய் என்றும் கேட்டார். சலவைக்கூடத்தில் தேடுவார்களாம்.

அத்தை போன் செய்தபோது அவர்கள் விடுதிக்குத் திரும்ப பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார்கள். அத்தான் பெஞ்சில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒரு கிழவரிடம் அவர் கையிலிருந்த குடையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தான்.

"பாஸா கண்ணு?"

"பாஸ், அத்தை. ரெண்டு பேரும்."

"என் தங்கம்! நீதானே பேசினே?"

"இல்ல அத்தை. அத்தான்தான் பேசினான். நான் வாயையே திறக்கல."

"நீ வாயைத் திறக்கலையா? ஏன்டி, உடம்புக்கு என்ன? காய்ச்சலா?"

"காய்ச்சல் எல்லாம் ஒண்ணுமில்ல. அத்தை, நீங்க இத முழுசாக் கேளுங்க. அவன் எப்படிப் பேசினான் தெரியுமா? மடிக்கிற மேஜையில ஒரு அக்கா இருக்காங்க. கையில ரெண்டு கடிகாரம் கட்டியிருப்பாங்க—"

"கதையெல்லாம் அப்புறம் சொல்லுடி," என்றாள் அத்தை. "அவன் சாப்பிட்டானா இல்லையா, அதச் சொல்லு முதல்ல."